கடமும் கிதாரும்

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அன்பர்கள் என்னைக் கேட்டபோது, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றியோ, யாழின் வகைகளைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் ஒருவர் புன்னகை செய்தார். மற்றொருவர், "ஐயா, தமிழ் மலரில் மேனாட்டு ராக் இசைக்கு என்ன வேலை?" என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றேன்.

தங்கவயலில் ராக் என்று சொன்னால் பாறை என்றே பொருள். பாறையைக் குடைந்து பிழைத்தவர்களின் மக்கள் நாம். ஆனால் இசையுலகில் அச்சொல் பாறையைக் குறிப்பதன்று. அசைதல், ஆடுதல் என்பதே அங்கே அதன் பொருள். 1950-களில் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் புளூஸ் முதலிய பாட்டுகளை அடிநிலமாகக் கொண்டு எழுந்த இசை அது. கிதாரும் முரசும் அதன் உயிர்நாடிகள். அவ்விசையைக் கையாண்ட குழுக்களுள் சில, 1960-களின் நடுவில் புதியதொரு வழியில் சென்றன. ஒரு பாட்டின் சட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் மேடையிலேயே, கேட்போர் முன்னிலையிலேயே, அவ்வப்போது கற்பனை செய்து வளர்த்துச் செல்வது அவ்வழி. இதனை அவர்கள் 'ஜாம்' என்று வழங்கினர்.

இச்சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவும் பழப்பாகு நினைவுக்கு வரும். எனக்கோ ஜாமம் என்னும் சொல்லே நினைவுக்கு வருகிறது. இரண்டாம் ஜாமம், மூன்றாம் ஜாமம் என்று இரவைப் பகுத்து, விடிய விடிய இசை கேட்டு மகிழ்ந்த மரபு நம்முடையது அன்றோ?

நம்மவர் கண்ட முறை

கோயில் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது மல்லாரி முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். பின்னர் ஊர்வலம் வீதிகளில் மெல்ல நகர, நாதசுர வித்துவான் ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு நாழிகைக் கணக்கில் ஆலாபனை செய்வார். முன்கூட்டியே எழுதி வைத்த சுரம் எதுவும் அவர் கையில் இராது. இராகத்தின் இலக்கணம் ஒன்றே அவருக்கு வேலி. வேலிக்குள்ளே விளைவதெல்லாம் அவர் மனத்தின் விளைவு. இதனைத்தான் மனோதர்மம் என்கிறோம். தவில்காரரும் அவ்வாறே. தனக்கு முறை வரும்போது அவர் வாசிப்பது முந்தைய நாள் வாசித்ததன் மறுபதிப்பு அன்று.

இவ்வழியில் தன்னிகரற்று விளங்கியவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை அவர்கள் (1898–1956). தோடி என்றால் இராசரத்தினம், இராசரத்தினம் என்றால் தோடி என்று சொல்லும்படி வாழ்ந்தவர். அவர் வாசித்த தோடி இசைத்தட்டாகவும் வெளிவந்து ஊரெங்கும் ஒலித்தது. ஆயினும் அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நான்கு நிமிடமே. வீதியில் நின்று இரவெல்லாம் கேட்டவர்களுக்கு அத்தட்டு, கடலைக் கண்டவன் கையில் கொடுத்த செம்பு நீரைப் போல இருந்திருக்கும்.

அப்பெருமகனார் செய்த மற்றொரு செயலையும் இங்கே நினைவுகூர வேண்டும். நாதசுரக்காரர்கள் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. வாய்ப்பாட்டு வித்துவான்களைப் போலவே மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையைத் தம் கலைக்கும் தம் இனத்தாருக்கும் பெற்றுத் தந்தார். வீதியில் நிறுத்தி வைக்கப்பட்ட இசை மேடையேறி அமர்ந்த வரலாறு அது. இதனை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதனோடு ஒப்பிட வேண்டிய செய்தி ஒன்று வருகிறது.

ஸ்கெலட்டனில் ஓர் இரவு

1970-களின் தொடக்கத்தில் எனக்கு எட்டு வயதிருக்கும். ஸ்கெலட்டனில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே அம்மன் திருவிழா. வீட்டுக்கு வீடு சந்தா சேர்த்து, வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பெரிய மேளம் ஒன்றை வரவழைத்திருந்தார்கள். பேர் பெற்ற மேளம் அன்று, எளிய மேளம். இரவு பத்து மணி இருக்கலாம். நாதசுரக்காரர் தோடியைத் தொடங்கினார். பெரியவர்கள் கோரைப் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய ஆடவர் பலர், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தனர். எந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

இராகம் வளர்ந்துகொண்டிருந்தபோது சுரங்கத்தின் சங்கு ஊதிற்று. அந்தச் சங்கொலியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீதியே அதிரும்படி நீண்டு ஒலிக்கும். கச்சேரி நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். நாதசுரக்காரர் நிறுத்தவில்லை. சங்கு எந்தச் சுருதியில் ஒலித்ததோ அதன் மேலேயே ஒரு கார்வையைப் பிடித்து நின்றார். சங்கு ஓயும்வரை நின்று, அது ஓய்ந்த இடத்திலிருந்து இராகத்தைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார். கூட்டத்திலிருந்து "ஆஹா!" என்று ஒரு குரல் எழுந்தது. தவில்காரர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகத்தான் வேண்டும். எந்தையாரும் போனார். மறுநாள் காலையில் திரும்பி வந்தவர் முகங்கழுவும் முன்பே என் தாயாரிடம் கேட்டது, "எப்போது முடித்தார்?" என்பதுதான். கூண்டில் ஏறிக் கீழே இறங்கும்வரை தம் காதில் அந்த ஒலி விழுந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார்.

அந்த இரவை யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. செய்திருந்தாலும், அன்று சங்கு ஊதியபோது எங்கள் நெஞ்சு ஒரு கணம் நின்று பிறகு துடித்ததே, அது பதிவாகியிருக்குமா?

அமெரிக்காவில் அதே வேட்கை

நாம் இங்கே மேளம் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடல் கடந்து வேறொரு கூட்டத்தாரும் இத்தகைய கணங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தனர். கிரேட்புல் டெட் என்னும் குழு 1965-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. ஜெர்ரி கார்சியா என்பவர் அதன் தலைமைக் கிதார் கலைஞர். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் மறையும் வரை, முப்பது ஆண்டுகளில் அக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நடத்தியது. ஒரு கச்சேரியைப் போல மற்றொரு கச்சேரி இராது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரும் என்பதையும், ஒரு பாட்டு எத்தனை நிமிடம் நீளும் என்பதையும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஓர் உதாரணம் காட்டுவேன். டார்க் ஸ்டார் என்னும் அவர்களுடைய பாட்டு 1968-இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து 1969-இல் வெளியிட்டபோது அதே பாட்டு 23 நிமிடம் ஓடிற்று! இராசரத்தினம் பிள்ளையின் தட்டுக்கும் தெருவுக்கும் இருந்த தொலைவை இங்கும் காண்கிறோம் அல்லவா?

இக்குழுவின் அன்பர்கள் விந்தையானவர்கள். கச்சேரி தோறும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து பதிவு செய்து, நாடாக்களைத் தம்முள் பரிமாறிக்கொண்டனர். குழுவினர் அதைத் தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கித் தந்தனர். 1977-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவை, 2012-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் அவ்வன்பர்களைக் கேட்டால், நாடா என்பது நினைவுக்கு ஒரு கைத்தடிதான்; கச்சேரிக்கு நேரில் போவதே வாழ்வு என்பார்கள்.

பானை கடல் கடந்தது

இவ்விரு உலகங்களும் எங்கே சந்தித்தன? அக்கதையின் நடுவே இருப்பது ஒரு மண்பானை. அதுவே நம் கடம்.

சென்னையில் 1942-இல் பிறந்த டி. எச். விநாயக்ராம் அவர்கள் இளமையிலேயே கடவாத்தியத்தில் தேர்ந்தவர். 1966-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது உடன் கடம் வாசித்தவர் அவரே. மேனாட்டு இசையுலகில் அக்காலத்தில் ஜான் மக்லாக்லின் என்னும் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் பெரும்புகழ் பெற்றிருந்தார். செவி பிளக்கும் மின்கிதார் இசையில் உச்சத்தை எட்டியிருந்த அவர், அதைவிட்டு மரக்கிதாரை எடுத்துக்கொண்டு நம் இசையை நாடி வந்தார். நம் கமகங்கள் பேசும்படியாகக் கிதாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து, சுருதிக்கெனத் தனித் தந்திகளையும் பூட்டிக்கொண்டார். வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விநாயக்ராம் என்று ஒரு குழு அமைந்தது. அதன் பெயர் சக்தி.

எல். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958-இல் இலங்கையில் நிகழ்ந்த கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இச்செய்தியின் கனம் புரியும். பெயர்ந்தவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வரலாம். விரல்களில் உள்ளதை எவராலும் பறிக்க இயலாது.

சக்தியின் முதல் இசைத்தட்டு 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த சவுத்தாம்ப்டன் கல்லூரியில் மாணவர் முன்னிலையில் பதிவானது. ஒரு பாட்டு 18 நிமிடம். மற்றொன்று 29 நிமிடம்! இராமநாதபுரம் இராகவன் அவர்களின் மிருதங்கமும் அதில் உண்டு. கிதாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்துவதும், தபலா கேட்ட கேள்விக்குக் கடம் விடை சொல்வதும், இறுதியில் அனைவரும் ஒரே தீர்மானத்தில் வந்து நிற்பதும் கேட்கக் கேட்கத் திகட்டாதவை.

1980-களில் பெங்களூரில் வேலை பார்த்த என் அத்தான் அந்த இசையை ஒரு கேசட்டில் பதிந்து கொண்டுவந்தார். இரவு முழுதும் போட்டுக் கேட்டோம். அடுப்படியில் இருந்த என் தாயார் வெளியே வந்து, "என்னடா இது, நம்ம தண்ணிப் பானையை யாரோ தட்டற மாதிரி இருக்கு?" என்றார். "ஆமாம் அம்மா, நம் பானைதான், அமெரிக்காவில் தட்டுகிறார்கள்" என்றேன். அவர் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் தட்டறான்" என்று சொல்லிப் போனார். அதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் இன்றளவும் எங்கும் படித்ததில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. கிரேட்புல் டெட் குழுவின் முரசுக் கலைஞருள் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடமும் அவர் மைந்தர் ஜாகிர் உசேனிடமும் நம் நாட்டுத் தாளங்களைப் பயின்றவர். 1991-இல் அவர் பிளானட் டிரம் என்னும் பெயரில் பல நாட்டுத் தாளக் கலைஞர்களை ஒன்று கூட்டினார். நைஜீரியா, பிரேசில், போர்ட்டோ ரிக்கோ நாட்டவரோடு நம் விநாயக்ராமும் அதில் வாசித்தார். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது அவ்விசையே. விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ் பிற்காலத்தில் கஞ்சிராவோடு சக்தியில் சேர்ந்தார். அக்குழு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார்.

பின்வரிசை முன்வரிசையான விதம்

இக்கதையில் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி விருது அன்று. கச்சேரி மேடையில் கடம் பெற்றிருந்த இடம் எது? அதற்கு உபபக்கவாத்தியம் என்று பெயர். பக்கவாத்தியத்துக்கும் அடுத்த படி. மிருதங்கம் முடித்துக் கொடுத்தால் சில ஆவர்த்தனங்கள் வாசிக்கலாம்; நேரம் போதாவிட்டால் அதுவும் சுருங்கும். அந்தக் கடம் சக்தி மேடையில் கிதாருக்கும் வயலினுக்கும் நிகராக அமர்ந்தது. இராசரத்தினம் பிள்ளை நாதசுரத்துக்குத் தேடித் தந்த ஆசனத்தோடு ஒப்பிட வேண்டும் என்று முன்னர் நான் சொன்னது இதைத்தான்.

ஜாம் என்னும் முறையின் அறம் இதுவே என்று நான் கருதுகிறேன். அங்கே ஒருவன் தலைவன், ஏனையோர் ஏவலர் என்பதில்லை. ஒவ்வொருவனுக்கும் பேசும் முறை வரும். பேசாத நேரத்தில் அவன் சும்மா இருப்பதில்லை. பிறனைக் கூர்ந்து கேட்கிறான். கேளாதவனுக்குத் தன் முறை வந்தால் என்ன பேசுவது என்று தெரியாது.

இவ்வறத்தை எந்தையாரின் தலைமுறை வேறோர் இடத்தில் கற்றது. சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் மேற்பாறையைக் கடப்பாறையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொள்ளென்று ஒலித்தால் ஆபத்து. உடனே விலக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறை வெடித்துச் சிதறும் அச்சம் என்றும் இருந்தது. அங்கே காதுதான் காவல். ஒருவன் தட்ட, அனைவரும் கேட்டனர். மானாமதுரையில் வைகைக் கரை மண்ணைப் பிசைந்து, உள்ளே கல்லையும் வெளியே மரத்தட்டையும் கொடுத்துத் தட்டித் தட்டிக் கடம் செய்யும் குயவரும், கடைசியில் விரலால் தட்டி ஒலி கேட்டுத்தான் அதன் தரத்தை முடிவு செய்கிறார். ஆகவே தட்டுவதும் கேட்பதும் நமக்குப் புதியவை அல்ல. ராக் இசைக்குத் தமிழ் மலரில் என்ன வேலை என்று கேட்ட நண்பருக்கு இதுவே என் விடை.

இன்று நாம் செய்ய வேண்டுவது

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது. அன்றுமுதல் நம் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகிறார்கள். அவர்களிடம் இசைக்குக் குறைவில்லை. ரயில் பெட்டியில் ஒவ்வொருவர் காதிலும் ஒலிப்பான் இருக்கிறது. உலகத்து இசையெல்லாம் அதில் வருகிறது. நானும் வீட்டில் அவ்வாறே கேட்கிறேன். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அருகருகே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் நூறு பேர், நூறு வேறு இசைகளைத் தனித்தனியே கேட்டுக்கொண்டு போவதைக் காணும்போது, தோடியைக் கேட்டுப் பாயில் அமர்ந்திருந்த அந்த இரவு என் கண்முன் வருகிறது. அன்று எங்களிடம் இருந்த இசை ஒன்றே. அதனைக் கேட்டவர் அனைவரும்.

நம் விழாக்களிலும் இந்நாளில் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுப் பிள்ளைகளை ஆடச் செய்கிறோம். பிள்ளைகள் அழகாகவே ஆடுகிறார்கள். ஆனால் பதிவு செய்த பாட்டு, ஆடும் பிள்ளை தடுமாறினால் நிற்காது. அவள் உற்சாகம் கொண்டால் நீளாது. அதற்குக் காது இல்லை. உயிருள்ள கலைஞன் வாசித்தால் அவன் அவளைப் பார்ப்பான். அவளுக்காக ஒரு சுற்று கூட வாசிப்பான்.

நம் லைன்களிலேயே தவில் தெரிந்தவர் இருக்கிறார்கள். மாதாகோயில் பாடற்குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் இருக்கிறார்கள். பறை முழக்கத் தெரிந்தவர்களும், பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் ஊதியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒரே மேடையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. யாருக்கு யார் பக்கவாத்தியம் என்னும் வழக்கு எழும் என்று அஞ்சியே நாம் அவர்களைத் தனித்தனியே நிறுத்திவிட்டோம் போலும். சக்தி காட்டிய வழியில் அவ்வழக்குக்கு இடமில்லை.

ஆகவே சங்கத்துப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். அதில் எப்பாட்டும் குறிக்கப்பட வேண்டா. நம் ஊர்க் கலைஞர்கள் அனைவரும் ஒரே விரிப்பில் வட்டமாக அமரட்டும். ஒருவர் தொடங்கட்டும், மற்றவர் கேட்டுத் தொடரட்டும். முதல் ஆண்டு தாளம் தவறலாம், சுருதி விலகலாம். நாம் அனைவரும் முன்னே பாய் விரித்து அமர்ந்து பொறுமையோடு கேட்போம். நல்ல கணம் ஒன்று பிறந்தால், பிள்ளைகள் அறியும்படி "ஆஹா" என்று வாய்விட்டுச் சொல்வோம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என் பங்காக, மானாமதுரைக் கடம் ஒன்றை வாங்கிச் சங்கத்துக்கு அளிக்கிறேன். தட்டத் தெரிந்த கை நம் லைன்களில் கட்டாயம் இருக்கும்.